அது கேட்பதும் அதற்கு வேண்டியதும்

"நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க டாக்டர் இருந்துச்சு."

சுகர் கிளைடரைத் துணிப்பையில் போட்டுத் தூக்கி வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்த வாக்கியத்தோடுதான் உள்ளே வருகிறார்கள். பையைத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிற ஜீவன். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கரிய கண்கள், நெற்றியில் தொடங்கி முதுகு நெடுக ஓடுகிற கறுப்புக் கோடு. முன்னங்கால்களால் துணியைப் பற்றி மேலே ஏறப் பார்க்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் ஒத்துழைக்காமல் இழுபடுகின்றன.

நேற்றும் அது நன்றாக இல்லை, கண்ணு. போன மாதமும் இல்லை. நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் ஆந்தைக்கும் உடும்புக்கும் பாம்புக்கும் இரையாகிற பிராணி இது. காட்டில் தளர்ந்து நின்றால் அன்றிரவோடு கதை முடிந்துவிடும். அதனால் நோவை ஒளித்துவைப்பது அதன் பிறவிக் குணம். நம் கண்ணுக்கு நோய் தெரிகிற நாள் என்பது, அதற்குமேல் ஒளிக்க முடியாமல் போன நாள்.

நான் அடிப்படையில் மாட்டு டாக்டர். காங்கேயம், தாராபுரம் பக்கம் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கோவையில் என் மகள் வயதுள்ள ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் சாயங்கால வேளைகளில் உட்காருகிறேன். இந்த மாதிரி வெளிநாட்டுப் பிராணிகளின் வைத்தியத்தை அந்தப் பெண்தான் எனக்குக் கற்றுத்தந்தது. பதிலுக்கு நான் செய்வதெல்லாம் வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது. என் பேச்சில் பாதி அறிவுரை, பாதி புலம்பல். எது எது என்று நீயே பிரித்துக்கொள்.

முதலில் இது அணில் இல்லை. கடைக்காரர் பறக்கும் அணில் என்று சொல்லித்தான் விற்றிருப்பார். அணில் எலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. இது கங்காருவுக்கு உறவு, வயிற்றில் பையோடு பிறந்த சாதி. கர்ப்பம் வெறும் 16 நாள் அளவுதான். பிறக்கும்போது குட்டி ஓர் அரிசிமணி போல இருக்கும். அது தானாக ஊர்ந்து தாயின் பைக்குள் போய் முலைக்காம்பைப் பற்றிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வளரும். வளர்ந்த பிறகும் 100 கிராம், 150 கிராமுக்குள்தான் எடை. முன்னங்கையின் சுண்டுவிரலிலிருந்து கணுக்கால் வரை தோல் விரிந்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர்கூட மிதந்து போகும். இதையெல்லாம் ஆச்சரியத்துக்காகச் சொல்லவில்லை. எந்தச் சாதிப் பிராணி என்று தெரியாமல் வாங்கியதில்தான் பாதி நோய் தொடங்குகிறது. பல்லைப் பற்றிப் பேசும்போது இது உனக்குப் புரியும்.

இப்போது பின்னங்காலுக்கு வருவோம்.

என் வேலைக்காலத்தில் நல்ல பெயர் வாங்கித்தந்த நோய் ஒன்று உண்டு. கன்று போட்ட மறுநாள் கறவைப் பசு எழ மாட்டாமல் படுத்துக்கிடக்கும். கழுத்தை விலாப்பக்கம் மடக்கி வைத்திருக்கும், காது சில்லிட்டிருக்கும். பால் காய்ச்சல். ரத்தத்தில் இருந்த கால்சியம் பாலோடு மடிக்கு இறங்கியிருக்கும். கால்சியம் போரோகுளுக்கோனேட் பாட்டிலைக் கழுத்து நரம்பில் மெல்ல ஏற்றினால், பாட்டில் காலியாவதற்குள் ஏப்பம் விட்டு, சாணி போட்டு, தடுமாறி எழுந்து நிற்கும். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் டாக்டரைச் சாமி மாதிரிப் பார்ப்பார்கள்.

இந்தக் குட்டிப் பிராணிக்கும் கால்சியம்தான் சிக்கல். ஆனால் இங்கே அந்த அதிசயம் நடக்காது. பசுவுக்கு நடந்தது ஒரே நாளில் ஏற்பட்ட இறக்கம்; எலும்பில் இருப்பு இருக்கும், எடுக்கத்தான் நேரம் போதாது. இதற்கு நடந்தது மாதக்கணக்கான சுரண்டல். சாப்பாட்டில் கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் ஏறினால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி சும்மா இருக்காது. ரத்தத்தில் அளவு குறையாமல் பார்ப்பது அதன் பொறுப்பு. வெளியிலிருந்து வராததை எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ரத்தப் பரிசோதனை கொஞ்ச காலத்துக்கு ஒழுங்காகவே காட்டும். எலும்போ மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் கூண்டின் உச்சியிலிருந்து கீழ்க்கம்பிக்குத் தாவும்போது தொடையெலும்போ முதுகெலும்போ முறியும். அல்லது கை நடுக்கம், ஏறத் தடுமாற்றம், பின்னங்கால் தளர்ச்சி என்று தொடங்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் ஓரம் கோடு போட்டதுபோல் மெலிந்திருக்கும். ஊசி போடலாம், கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுக்கலாம், ஏற இடமில்லாத சிறிய கூண்டில் வாரக்கணக்கில் ஓய்வாக வைக்கலாம். சீக்கிரம் கொண்டுவந்தால் பல தேறுகின்றன. தாமதமானால் கால் திரும்பாது.

அப்படி என்ன சாப்பிட்டது என்று கேட்பேன். பதில் மாறுவதேயில்லை: "எது இஷ்டமோ அதுதாங்க."

அந்த இஷ்டத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். வாழைப்பழத்தில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் நாலு பங்கு. திராட்சையிலும் ஆப்பிளிலும் ஒன்றுக்கு இரண்டு. டப்பாவில் விற்கிற மீல்வோர்ம் புழுவில் ஒன்றுக்குப் பத்துக்கு மேல். சூரியகாந்தி விதையில் எட்டு. அதற்குத் தேவையோ தலைகீழ்: பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது கால்சியம் இருக்கவேண்டும், அதைப்போல இரண்டு மடங்கு வரை போனாலும் நல்லது. பழங்களில் பப்பாளி, ஆரஞ்சு, அத்தி மாதிரி சிலவற்றில்தான் கால்சியம் மிஞ்சி நிற்கிறது. நீ வைத்த தட்டில் எல்லாமே இருக்கும், அது பொறுக்கித் தின்பது வாழைப்பழத்தையும் புழுவையும்தான். பப்பாளியை நீ காலையில் அள்ளிக் குப்பையில் போடுவாய். தட்டு நிறைய வைத்தேன் என்று நீ சொல்வது பொய் இல்லை. அதன் வயிற்றுக்குள் போனது வேறு.

காட்டில் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. தைல மரச் சாறு, வேல மரத்துப் பிசின், பூந்தேன், மகரந்தம், கிடைத்தபோது பூச்சிகள். குளிர்காலத்தில் பூச்சி அருகிவிட்டால் பிசினை நம்பித்தான் பிழைப்பு. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வேல மரம் பார்த்திருப்பாய். சின்ன வயதில் வேலம்பிசினைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ஆடு மேய்த்தவர்கள் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர். அந்தப் பிசின் மாவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதன் அமைப்பிலேயே கால்சியம் கலந்திருக்கிறது. அதைச் செரிக்க இந்தப் பிராணிக்கு நீளமான குருட்டுக்குடல் உண்டு; கிருமிகள் அதில் வாழ்ந்து பிசினைப் புளிக்கவைத்துக் கொடுக்கும். அப்படிப்பட்ட குடலுக்குள் பிஸ்கட்டும் ரஸ்க்கும் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டுமா? ஒரு தாத்தா, கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறதே, கூழ் ஊற்றலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது தானியம் தின்னப் பிறந்ததில்லை, கேழ்வரகில் இருக்கிற கால்சியத்தை எளிதில் எடுத்துக்கொள்ள விடாத பொருளும் கேழ்வரகிலேயே இருக்கிறது. கூழைத் தாத்தாவே குடிக்கட்டும்.

தேனும் பழமும் மட்டும் தின்கிற சாது என்றும் நினைத்துவிடாதே. 19ஆம் நூற்றாண்டில் இதை டாஸ்மேனியா தீவில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே மரப்பொந்தில் அடைகாக்கிற ஸ்விஃப்ட் கிளியை முட்டையோடும் குஞ்சோடும் சேர்த்துத் தின்று, அந்தக் கிளி இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கிறது. புரதம் இல்லாமல் அது வாழாது.

அதனால்தான் வளர்ப்பவர்கள் ஒரு கலவை முறையை வைத்திருக்கிறார்கள். லெட்பீட்டர் கலவை என்று பெயர், ஆஸ்திரேலியாவின் லெட்பீட்டர் பாசம் என்ற பிராணிக்காக உண்டானது. வெந்நீர், தேன், ஓடு நீக்கிய வேகவைத்த முட்டை, குழந்தைகளுக்கான புரதச் சத்துமாவு, வைட்டமின்-தாதுப்பொடி எல்லாவற்றையும் அடித்துக் கலந்து, சின்னச் சின்னப் பங்காக ஃப்ரீசரில் வைப்பது. நாள் சாப்பாட்டில் சுமார் பாதி இது, மீதியில் பெரும்பகுதி பூச்சியுண்ணிகளுக்கான தீவனம். பழமும் புழுவும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இதுபோல வேறு சில முறைகளும் உண்டு. எதைப் பின்பற்றினாலும் ஒன்றை முழுதாகப் பின்பற்று. அதில் கொஞ்சம், இதில் கொஞ்சம் என்று கலக்காதே. தாதுப்பொடியை மட்டும் வாசனை பிடிக்கவில்லை என்று விட்டுவிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கலவையின் உயிரே அந்தப் பொடிதான். ஒரு நாளைக்கு அது தின்பது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள். 100 கிராம் பிராணிக்கு 15, 20 கிராம். அந்த 20 கிராமில் 5 கிராம் வாழைப்பழமாகப் போனால் எவ்வளவு இடம் வீணாகிறது பார்.

அளவு மீறினால் கொழுப்பு. கூண்டில் ஓடவும் தாவவும் இடமில்லாமல், தட்டில் மட்டும் குறையில்லாமல் இருந்தால் உருண்டையாகிவிடும். தாய் கொழுப்பாகத் தின்றால் குட்டி கண் திறக்கும்போது விழியில் வெள்ளைப் புள்ளி தெரியும். அது கொழுப்புப் படிவு. பாலூட்டுகிற தாய்க்குக் கால்சியம் கூடுதலாக வேண்டியிருப்பதால் எலும்பு நோயும் முதலில் அதைத்தான் பிடிக்கும். நிலக்கடலை வேண்டவே வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் கல்லீரலை அரித்துவிடும்; நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் யாரைக் கேட்டாலும் பிண்ணாக்கு விஷம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். பூஞ்சைச் சோளம் தின்று வளர்ந்த சில்வண்டு வழியாகவும் அது வரும். வீட்டில் பிடித்த கரப்பான், வெட்டுக்கிளியைப் போடாதே. எந்த வீட்டில் என்ன மருந்து அடித்தார்களோ.

இனி பல். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் தேவைப்பட்டால் வெட்டலாம். சுகர் கிளைடரின் கீழ்த்தாடையில் முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு நீளப் பற்கள் இருக்கும். மரப்பட்டையைக் கீறிப் பிசின் வரவழைக்கிற உளி அவை. அவை வளர்வதில்லை. ஒரு முறை முளைத்தால் அவ்வளவுதான். இதை அணில் என்று நினைத்தவர்கள் "பல் நீண்டுபோச்சு" என்று நகவெட்டியால் நறுக்கிவிடுகிறார்கள். விற்கும்போதே கடையில் நறுக்கிக் கொடுத்த குட்டி ஒன்று எங்களிடம் வந்தது. பல்லின் உயிர்ச்சதை திறந்துகொண்டு, சீழ் வேர் வழியாக இறங்கித் தாடையே வீங்கியிருந்தது. டாக்டரம்மா மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்து, சீழை வழித்து, பல வாரம் மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். அதன் பிறகு அது எதையும் கீறித் தின்னவில்லை. வெட்டாமலேயும் பல் கெடும். எப்போதும் கூழும் இனிப்புமாகத் தின்றால் பல்லில் காரை படியும், ஈறு வீங்கும். தின்ன வந்து தின்னாமல் திரும்புவது, வாயில் நீர் ஒழுகுவது, கன்னத்திலோ கண்ணுக்குக் கீழோ ஒரு புடைப்பு: இதில் எதைப் பார்த்தாலும் தள்ளிப்போடாதே.

இதுவரை சொன்னதெல்லாம் தட்டிலிருந்து வருகிற நோய். தட்டில் ஒரு குறையும் இல்லாத வீட்டிலிருந்து வருகிற நோய் ஒன்று இருக்கிறது. என் மனதை அதிகம் வருத்துவது அதுதான்.

வாலின் அடியில் முடியில்லை. தோல் சிவந்திருக்கிறது. சில நாளில் அங்கே புண். பிறகு வாலையே கடித்துத் துண்டாக்கிக்கொள்கிறது. சில, காலைக் கடிக்கின்றன. ஆண்கள் சில தம் குறியையே கடித்துக் கிழித்துக்கொள்கின்றன. நான் எருமைக்கும் காளைக்கும் புண் கட்டியவன். வெளியிலிருந்து வந்த புண் எதுவும் என்னைக் கலங்கவைத்ததில்லை. தானே தன்னைத் தின்கிற பிராணியை இந்த வயதில்தான் பார்த்தேன்.

காட்டில் ஒரு பொந்துக்குள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து வாழும் இனம் இது. பெரிய ஆண் தன் நெற்றியை மற்றவற்றின் மேல் தேய்த்துத் தேய்த்துக் கூட்டம் முழுவதற்கும் ஒரே வாசனையை ஏற்றிவைக்கும். அந்த வாசனையை வைத்துத்தான் இது நம்மாள், அது அயலாள் என்று தெரிந்துகொள்ளும். குளிரில் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு படுக்கும். அப்படிப்பட்டதை ஒற்றையாக வாங்கிவந்தால்தான் உன்னோடு ஒட்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஒட்டும், பொய்யில்லை. வேறு யாருமே இல்லாவிட்டால் யாரோடுதான் ஒட்டாது? பகலெல்லாம் அது தூங்கும், நீ கல்லூரியிலோ அலுவலகத்திலோ இருப்பாய். ராத்திரி பத்து மணிக்கு அதன் நாள் தொடங்கும்போது உனக்குக் கொட்டாவி வரும். விடியும்வரை கூண்டுக்குள் அது தனியாகச் சுற்றிச்சுற்றி வரும். ஒரே இடத்தில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்து வீடியோ எடுத்து எனக்குக் காட்டிய பிள்ளைகள் உண்டு. விளையாடுகிறதாம். அது விளையாட்டில்லை, கண்ணு. வேலையும் துணையும் இல்லாத உயிர் நேரத்தைத் தள்ளுகிற விதம் அது. அடுத்தபடி முடியைப் பிய்ப்பது, அதற்கடுத்தது கடிப்பது.

கடிக்கத் தொடங்கிவிட்டால் வைத்தியம் கஷ்டம். கழுத்தில் கூம்பு மாட்டவேண்டும், வலிக்கு மருந்து கொடுக்கவேண்டும், புண்ணுக்குக் காரணம் வெறும் தனிமைதானா, வேறு வலி உள்ளே இருக்கிறதா என்று தேடவேண்டும். சிறுநீர்ப் பாதையில் கிருமியோ, வாலடிச் சுரப்பியில் அடைப்போ இருந்தாலும் அந்த இடத்தைக் கடிக்கும். 100 கிராம் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் ஏழெட்டு மில்லிதான். ஒரு தேக்கரண்டி ரத்தம் போனால் பாதிக்கு மேல் போயிற்று என்று பொருள்.

அதனால் வளர்த்தால் இரண்டாக வளர். காயடித்த ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் என்றால் சண்டையும் இல்லை, குட்டிகளை என்ன செய்வது என்ற தவிப்பும் இல்லை. காயடிக்காத இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் ரத்தம் பார்ப்பாய். முன்பே ஒன்று இருந்து இன்னொன்றைக் கொண்டுவருவதானால் கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படுக்கைத் துணியை மாற்றி மாற்றிப் போட்டு, வாசனை பழகிய பிறகு சேர்த்துவிடு. புது மருமகளை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு எங்கள் காலத்தில் இதைவிட அவசரப்பட்டார்கள். அதன் பலனைத் தெருவே கேட்டது.

ஆண் பிராணியின் உச்சந்தலையில் வைரம் போன்ற வழுக்கை ஒன்று விழும். அது நோய் இல்லை. நெற்றியில் தேய்க்கிற வாசனைச் சுரப்பி அங்கே இருக்கிறது. வயது வந்ததற்கு அடையாளம். படர்தாமரைக் களிம்பு தடவிக்கொண்டு வந்து நிற்காதே. காயடித்தால் சிலவற்றுக்கு முடி திரும்ப முளைக்கும்.

இனி அவசரங்கள். இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் எழுதி ஒட்டிவைத்துக்கொள். வயிற்றுப்போக்கு கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. ஜியார்டியா, குடல் கிருமிகள், கெட்டுப்போன கலவை என்று காரணம் எதுவானாலும், கொல்வது நீர் வற்றுவதுதான். இவ்வளவு சிறிய உடம்பில் தண்ணீர் வற்ற மணிக்கணக்கு போதும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நிற்கும், கண் உள்ளே போய் ஒளி மங்கும், வாய் பிசுபிசுக்கும். அன்றைக்கே, அந்த நேரமே கிளம்பு. தண்ணீர்ப் பாட்டிலின் உருண்டை அடைத்துக்கொண்டு, தண்ணீர் நிறைய இருந்தும் தாகத்தில் செத்ததுண்டு. தினமும் விரலால் தொட்டுப் பார். சிறுநீர் போக முக்குகிற ஆணையும், மூச்சுக்கு வாய் திறக்கிற எதையும் காத்திருக்க வைக்கக்கூடாது. வீட்டு அலமாரியில் உனக்கு வாங்கிய மாத்திரையில் ஒரு துணுக்கைக்கூடக் கொடுக்காதே. 60 கிலோ மனிதனுக்கான மாத்திரை, 100 கிராம் உயிர். வகுத்துப் பார்த்துக்கொள்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம். 32-க்கு மேல் போனால் தவிக்கும், நம் சித்திரை வைகாசியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அதற்காக ஏசியை இறக்கிவிட்டு அறையைப் பனிமலையாக்கினால் வேறு சங்கடம். குளிரும் பசியும் சேர்ந்தால் அது உடம்புச் சூட்டைத் தணித்து விறைத்துக் கிடக்கும். காட்டில் பிழைக்க அதற்குக் கிடைத்த உபாயம் அது. செத்துவிட்டது என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டே கொண்டுவந்தது. மார்போடு அணைத்து மெல்லச் சூடேற்றியதும் ஒரு கை அசைந்தது. அழுகை நின்றது. வெந்நீர்ப் பையிலும் ஹீட்டர் முன்னாலும் வைத்துப் பொசுக்கிவிடாதே, உன் உடம்புச் சூடு போதும்.

நம் வீடுகளின் பெரிய எமன் சீலிங் ஃபேன். அதைக் கூண்டுக்கு வெளியே விடும் அறையில் ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடு. குளியலறை வாளியை மூடு, கதவைச் சாத்துமுன் மேல்விளிம்பைப் பார். படுக்கைத் துணியில் நூல் பிரிந்திருந்தால் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

நோயை ஒளிக்கிற பிராணியிடம் நோயைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒளிக்க முடியாததைப் பார்ப்பது. எடையை அதனால் ஒளிக்க முடியாது. ஒரு கிராம் வரை காட்டுகிற சமையலறைத் தராசு வாங்கி, வாரம் ஒரு நாள் துணிப்பையோடு நிறுத்து, பை எடையைக் கழித்து நோட்டில் எழுது. 110 கிராம் இருந்தது 100 ஆனால் உன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 60 கிலோ ஆளுக்கு அது ஐந்து கிலோவுக்கு மேல் இறங்கியதற்குச் சமம். தட்டில் வைக்கும்போதும் எடுக்கும்போதும் எது மிஞ்சியது என்று பார். ராத்திரி ஒரு முறை விளக்கை மங்கலாக்கி, அது ஏறுவதையும் தாவுவதையும் பார். வழக்கமாகத் தாவுகிற இடத்தை ஒருநாள் சுற்றிப்போனால் நோட்டில் எழுது. எங்கள் ஊர்ப் பண்ணையக்காரர் ஒருவர், மாடு அசைபோடுவது நின்றால் தூக்கத்திலிருந்தே எழுந்து வருவார். அவருக்கு எந்தக் கருவியும் இல்லை; தினமும் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவே.

வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு வேறு. நல்ல வளர்ப்பில் இது 10, 12 வருடம் இருக்கும். இன்றைக்கு உனக்கு 20 வயது. வெளியூரில் மேற்படிப்பு, வேலை, ராத்திரி ஷிஃப்ட், கல்யாணம், ஒரு குழந்தை, வாடகை வீட்டுக்காரர்: எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த ஜோடிக்கு ராத்திரி ராத்திரி யார் தட்டு வைப்பது? அம்மா வைப்பார் என்றால், அம்மாவைக் கேட்டுவிட்டு வாங்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சிங்கப்பூரிலும் அனுமதி இல்லை. பிறந்த நாடான ஆஸ்திரேலியாவிலேயே பல மாநிலங்கள் விடுவதில்லை. நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விற்கிறவரிடம் கேட்காமல் வனத்துறையில் கேட்டுக்கொள். பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு எக்ஸ்ரே, ஒரு மயக்க மருந்து, ஒரு பல் என்று பார்த்தால் வாங்கிய விலை சின்னதாகிவிடும். இந்த இனத்தைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று முதலில் தேடு. சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்தாலும் யாரிடம் போகலாம் என்று சொல்வார்கள். டாக்டரைக் கண்டுபிடித்த பிறகு பிராணியைத் தேடு.

எல்லாம் கேட்டும் வளர்க்கிறேன் என்கிறவர்களில் சிலர் மிக நன்றாக வளர்க்கிறார்கள். ஒரு பெண் இரண்டை வைத்திருக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நோட்டோடு வருவாள், எடை, தட்டில் மிஞ்சியது, சாணத்தின் நிறம்வரை எழுதியிருக்கும். டாக்டரம்மா அந்த நோட்டைத்தான் முதலில் வாங்கிப் படிப்பார், பிராணியை அப்புறம் தொடுவார்.

நீ வரும்போது கூண்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள். கடைசியாகப் போன சாணத்தைக் கவரில் போட்டுக் கொண்டுவா. குளிர் படாமல் துணிப்பையைச் சட்டைக்குள் வைத்துக்கொள், இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுவா, பிரிந்தால் அதுவே ஒரு பயம். ஒரு வாரமாக என்னென்ன தின்றது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு வா. பாட்டி ரகசியமாக ஊட்டிய க்ரீம் பிஸ்கட்டையும் விட்டுவிடாதே. டாக்டரம்மா திட்டமாட்டார். நான் திட்டுவேன், ஆனால் பாட்டியைத்தான்.